நாலு ராம், ஒரு கல்யாண வீடியோ... ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு நாள்!

அரக்கோணம் லோக்கலில் இருந்து என் சித்தி மகன் இறங்கும்போது, கையில் கைக்குழந்தை மாதிரி எதையோ போர்வையில் சுற்றிப் பிடித்திருந்தான். பக்கத்து சீட் பாட்டி இறங்கும்போதுகூட, "பாத்துப்பா, தலை இடிச்சிடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். உள்ளே இருந்தது குழந்தை இல்லை, கம்ப்யூட்டர் சிபியு. ஆனால், தம்பி அதைக் குழந்தையாகத்தான் பார்க்கிறான். அவன் சோறு அதில்தான்.

அவனுக்கு வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். வீட்டு மாடி அறைதான் ஸ்டூடியோ. முந்தைய வாரம் எனக்கு ஒரு வீடியோ துண்டை அனுப்பியிருந்தான். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் கேட்கிறது, சட்டென்று படம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். மூன்று நொடி கழித்து தெளிவாகும்போது எல்லோரும் அட்சதை போட்டு முடித்திருக்கிறார்கள்.

"அக்கா, தாலி கட்டுறதே காணோம்க்கா. பொண்ணோட அப்பா தினமும் போன் பண்றார்" என்றான். குரலே சரியில்லை.

"கிளம்பி வா. ரிச்சி ஸ்ட்ரீட் போவோம்" என்றேன்.

சத்தத்தின் தெரு

சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். மேலே வந்து அண்ணா சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால், சென்னைக்காரர்கள் யாரிடமும் முகவரி கேட்கத் தேவையில்லாத அந்தத் தெரு வந்துவிடும். பேர் ஒரு தெருவுக்குத்தான். ஆனால், நரசிங்கபுரம் தெரு, சுற்றியிருக்கிற சந்துகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் நாம் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்கிறோம். நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் இதுவும் ஒன்று.

உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது சத்தம். ஸ்பீக்கர் கடையில் பாட்டு டெஸ்ட் பண்ணுகிறார்கள், பக்கத்துக் கடையில் மைக் டெஸ்ட். நடுவில் டூவீலர் ஹாரன். ஒருவர் தலையில் மூன்று மானிட்டர் பெட்டியோடு, "வழி, வழி" என்றபடி ஓடுகிறார். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செல்போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறார் இன்னொருவர். ரிமோட்டுகளைக் கத்திரிக்காய் மாதிரி குவித்து வைத்திருக்கிறார்கள். "மேடம், என்ன பாக்குறீங்க? லேப்டாப்பா, சிசிடிவியா, சார்ஜரா?" என்று பத்தடிக்கு ஒரு குரல்.

தம்பி போர்வைக் குழந்தையை இறுக்கிக்கொண்டான். ஆபீஸில் எங்கள் சிஸ்டம் படுத்தால் எப்போதும் கைகொடுக்கிற ஒரு அண்ணனின் சர்வீஸ் கடை, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஆள் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும் என்கிற மாதிரி படிக்கட்டு. அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து டிவி, விசிஆர், கம்ப்யூட்டர் என்று கைமாறி வந்தவர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும்.

"எப்போ இருந்து இப்படி?"

டாக்டர் மாதிரி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

தம்பி சொன்னான். சிஸ்டம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரைசன் 5 3600 ப்ராசஸர், 8 ஜிபி ராம் இரண்டு, மொத்தம் 16 ஜிபி. விற்றவர் ஒரு கேமர். ஓவர்க்ளாக் செய்து வைத்திருந்தார். ஒன்றரை வருஷம் ஒரு பிரச்னையும் இல்லை. 4கே வீடியோ வர ஆரம்பித்ததும் 16 ஜிபி திணற, இன்னும் இரண்டு 8 ஜிபி ராம் வாங்கி, காலியாக இருந்த இரண்டு இடத்திலும் செருகினான். மொத்தம் 32 ஜிபி. அன்று முதல் சனி. வாரத்துக்கு இரண்டு தடவை நீலத்திரை. அப்புறம் தினமும். கடைசியில் இந்தப் பச்சைக் கட்டங்கள்.

"அப்போ புது ராம்தான் டூப்ளிகேட்டுண்ணே. கடைக்காரர் ஏமாத்திட்டாரு" என்று முடித்தான்.

அண்ணன் தலையாட்டவில்லை. "இரு. யாரையும் இப்பவே திட்டாத" என்றார்.

ஓவர்க்ளாக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கம்பெனி உறுதி சொன்ன வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஒரு பாகத்தை ஓட்டுவது. ஸ்பேனர் எல்லாம் தேவையில்லை. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே வருகிற பயாஸ் மெனுவில் சில எண்களை மாற்றினால் போதும். அந்த ப்ராசஸரின் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். தேவைப்படும்போது தானாகவே 4.2 வரை ஏறி இறங்கும். பழைய ஓனர், ஆறு கோரும் எப்போதும் 4.2-லேயே நிற்கும்படி பூட்டி வைத்திருந்தார். 3200 என்று அச்சடித்த ராமை 3600-ல் ஓட விட்டிருந்தார்.

அந்த 3200 என்ன கணக்கு? ஒவ்வொரு கம்பி வழியாகவும் ஒரு நொடியில் 320 கோடி தடவை தகவல் போய்வருகிறது என்று அர்த்தம். 3600 என்றால் 360 கோடி. ஒரு தடவைக்குக் கிடைக்கிற நேரம், ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி மூன்றாக்கினால் வருவதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் 'ஒன்றா, பூஜ்யமா' என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஒரு மோட்டார், நாலு வீடு

அண்ணன் முதலில் மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரியைக் கழற்றினார். கார் சாவியில் இருக்குமே, அந்த மாதிரி காசு அளவு பேட்டரி. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டால் பயாஸில் மாற்றியதெல்லாம் மறந்து, பிறந்த நிலைக்குப் போய்விடும். ஆனால், அதற்கு முன்பே பழைய எண்கள் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தது சோதனை. மெம்டெஸ்ட்86 என்று ஒரு மென்பொருள். பென்டிரைவில் போட்டு, விண்டோஸைத் தொடாமலே ஓட்டலாம். ராமின் ஒவ்வொரு மூலையிலும் எதையாவது எழுதிப் படித்துப் பார்க்கும். எழுதியது ஒன்று, படித்தது ஒன்று என்றால் சிவப்பு வரி விழும்.

முதலில் பழைய ஜோடி மட்டும், பழைய ஓனரின் அதே ஓவர்க்ளாக் எண்களோடு. ஒரு சுற்று முடிந்தது. பிழை பூஜ்யம்.

அடுத்து புது ஜோடி மட்டும், அதில் அச்சடித்த 3200 வேகத்தில். பிழை பூஜ்யம்.

"டூப்ளிகேட்டுன்னியே?" என்றார் அண்ணன். தம்பி தலையைச் சொறிந்தான்.

இப்போது நான்கையும் செருகி, பழைய எண்களையே கொடுத்தார். ஏழாவது நிமிஷம் முதல் சிவப்பு வரி. அப்புறம் மளமளவென்று திரையே சிவந்தது.

எனக்குக் குழப்பம். இதுவும் நல்லது, அதுவும் நல்லது, சேர்ந்தால் மட்டும் எப்படிக் கெட்டது?

"உங்க வீட்ல தண்ணி மோட்டார் இருக்காம்மா? ஒரே மோட்டார்ல ரெண்டு வீட்டுக்கு வேகமாத் தண்ணி ஏறுச்சு. அதே குழாய்ல இன்னும் ரெண்டு வீட்டைச் சேர்த்தா? மோட்டாரும் நல்ல மோட்டார், வீடும் நல்ல வீடு. ஆனா பழைய வேகம் வருமா?" என்றார்.

அவர் மோட்டார் என்று சொன்னது மெமரி கன்ட்ரோலரை. முன்பு அது மதர்போர்டில் தனி சிப்பில் இருந்தது. ஏஎம்டி 2003-லும், இன்டெல் 2008-லும் தங்கள் டெஸ்க்டாப் ப்ராசஸருக்குள்ளேயே அதைக் கொண்டுவந்துவிட்டன. சாதாரண மதர்போர்டில் நாலு ராம் இடம் இருந்தாலும், அதற்கு வருகிற பாதை இரண்டுதான். இரண்டு ராம் போட்டால் பாதைக்கு ஒன்று. நான்கு போட்டால் ஒவ்வொரு பாதையிலும் இரண்டு தொங்கும். சுமை கூடும். காலி மண்டபத்தில் பேசினால் எதிரொலி வருமே, அதுபோல சிக்னல் மோதித் திரும்பி அடுத்த சிக்னலோடு கலங்கும். மெதுவாகப் பேசினால் புரியும். கடகடவென்று பேசினால் குழம்பும்.

இது ரகசியம் இல்லை. கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. தம்பி வைத்திருக்கிற ப்ராசஸர் வகையில், இரண்டு ராமுக்கு 3200 வரை உறுதி. நாலு இடமும் நிரம்பினால், சிப் ஒரு வரிசை மட்டும் இருக்கிற சாதாரண ராமுக்கு 2933. இரண்டு வரிசை ராம் என்றால் 2667. புதிய டிடிஆர்5-ல் வித்தியாசம் இன்னும் அதிகம். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600! பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்க்கிற நாம், இந்தச் சின்ன எழுத்துப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

"ஒன்றரை வருஷம் ஓடுச்சேண்ணே?" என்றான் தம்பி விடாமல்.

"ரெண்டு ராமுக்கு ஓடுச்சு. அந்தப் பையன் ரெண்டை வெச்சுப் பாத்து, எது வரைக்கும் தாங்குதோ அதோட விளிம்புல நிறுத்தியிருக்கான். நல்லாத்தான் பண்ணியிருக்கான். விளிம்புல நிக்கிறவன் தோள்ல நீ இன்னும் ரெண்டு மூட்டையை ஏத்திட்ட."

இடைவேளை: சிந்தாதிரிப்பேட்டை

அடுத்து 3200-ல் நான்கையும் ஓட விட்டுவிட்டு, "போய்ச் சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்தோம். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. 'சின்னத் தறிப் பேட்டை'தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறிச்சத்தம் கேட்ட ஊருக்குப் பக்கத்தில் இப்போது ஃபேன் சத்தத்தோடு கம்ப்யூட்டர்கள். ஒரு கையேந்தி பவனில் சாம்பார் சாதம் சாப்பிட்டு, மே தினப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அங்கேதான் தம்பி முழுக் கதையையும் சொன்னான். நீலத்திரைகூட அவனைப் பயமுறுத்தவில்லை. சிஸ்டம் நின்றால் நின்றது தெரியும். நிற்காமலே தப்புத்தப்பாக எழுதியதுதான் அடி. கேமரா கார்டில் இருந்து ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி பண்ணும்போது, ஃபைல் ராம் வழியாகத்தான் போகிறது. 32 ஜிபி ராமில் சுமார் 27,500 கோடி ஒன்றும் பூஜ்யமும் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்று புரண்டாலும், புரண்டதுதான் டிஸ்க்கில் பதிவாகும். "காப்பி ஆயிடுச்சு" என்று கம்ப்யூட்டர் சிரித்த முகத்தோடு சொல்லும். வீடியோ ஃபைலில் ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஒரு இடத்தில் தப்பினால், அடுத்த முழுக் காட்சி வருகிற வரை பச்சைக் கட்டம்தான்.

"கார்டு இருக்குல்ல? மறுபடி காப்பி பண்ணிக்கலாமே?" என்றேன்.

"முகூர்த்தம் எடுத்த கார்டு செகண்ட் கேமராமேன்கிட்ட இருக்கு. அழிச்சிட்டாரான்னு கேக்கவே பயமா இருக்குக்கா. நலங்கு எடுத்த கார்டு என்னுது. அடுத்த வாரமே ஒரு காதுகுத்துக்கு ஃபார்மட் பண்ணிட்டேன்."

அங்கேயே போன் போட வைத்தேன். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். "அந்த கார்டா? பையிலேயேதான் கிடக்கு. உன்கிட்ட குடுக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்" என்றார். அவர் மறதிக்கு பூங்காவிலேயே ஒரு கும்பிடு போட்டான் தம்பி.

நலங்கு மட்டும் போனது போனதுதான்.

சூடு என்கிற இன்னொரு கை

திரும்பி வந்தபோது 3200-ல் ஒரு மணி நேரம் ஓடி, இரண்டே இரண்டு சிவப்பு வரி. "ரெண்டுதானே, பரவால்லயா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பால்ல ரெண்டு சொட்டு மோர் விழுந்தா பரவால்லயாம்மா?"

கடையில் ஏசி கிடையாது. வெயில் ஜன்னல் வழியே மேசைக்கே வந்திருந்தது. சூட்டுக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டேன்.

நிறையவே உண்டு. ராமுக்குள் ஒவ்வொரு 'ஒன்று'ம் ஒரு குட்டிக் குடத்தில் பிடித்து வைத்த மின்சாரம் மாதிரி. எல்லாமே ஓட்டைக் குடம். அதனால் 64 மில்லிசெகண்டுக்குள், அதாவது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 16 தடவை, எல்லாக் குடத்தையும் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கூடினால் ஒழுகல் கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது விதி. நாலு ராமும் நெருக்கிக்கொண்டு நின்றால் நடுவில் காற்று போக வழி குறைவு. அதோடு ஓவர்க்ளாக்குக்காகக் கூட்டின வோல்டேஜ்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றவே இல்லை. "முன்னாடி 16 ஜிபி பத்தாம, ப்ராசஸர் அப்பப்போ டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கும். அந்தக் கேப்ல மூச்சு விட்டிருக்கும். இப்போ 32 ஜிபி. கேட்டதெல்லாம் உடனே கிடைக்குது. ஆறு கோரும் நிக்காம ஓடுது. 4.2-ல பூட்டி வெச்சது அப்போ தாங்குச்சு. இப்போ அதுவும் திணறும்."

அதாவது, ராம் கூட்டியதால் கம்ப்யூட்டர் பலவீனமாகவில்லை. முன்பு மறைந்து கிடந்த பலவீனம் வெளியே வந்துவிட்டது.

மறுநாள் காலை

ப்ராசஸரைக் கம்பெனி வேகத்துக்கே விட்டு, நாலு ராமையும் 2933-ல் வைத்து, இரவு முழுக்க ஓட விட்டார். தம்பி என் ரூமில் படுத்திருந்தான், தூங்கவில்லை.

காலை பத்தரைக்குப் போனோம். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கடைவாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, முதல் போணிக்குக் காத்திருக்கிற நேரத்தில் ரிச்சி ஸ்ட்ரீட் வேறு ஊர் மாதிரி அமைதியாக இருக்கிறது. மாடி ஏறினோம். திரையில் நாலு சுற்றும் முடிந்து, பிழை பூஜ்யம் என்று நின்றது.

தம்பிக்கு ஒரே கவலைதான் மிச்சம். "ஸ்லோ ஆயிடுமேண்ணே?"

ஒரு கல்யாணப் பாட்டு வீடியோவை அங்கேயே ஏற்றுமதி செய்து பார்த்தான். ஓவர்க்ளாக்கில் 11 நிமிஷம் ஆகுமாம். இப்போது 11 நிமிஷம் 40 நொடி. "இந்த நாற்பது நொடிக்குத்தான் ஒரு தாலியைத் தொலைச்சேனா?" என்று அவனே சிரித்துவிட்டான். 4கே டைம்லைன் திணறாமல் ஓடியது. அவனுக்குத் தேவைப்பட்டது இடம்தான், வேகம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்ததில் வந்த வினை.

இத்தனை சோதனைக்கும் ஒரு ராத்திரி கரன்டுக்கும் சேர்த்து அண்ணன் வாங்கிய பணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். "பார்ட்ஸ் எதுவும் மாத்தலையே?" என்றார்.

நீங்களும் ராம் கூட்டப் போறீங்களா?

கிளம்பும்போது அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டது இது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

* ஓவர்க்ளாக் செய்த கம்ப்யூட்டர் என்றால், ராம் கூட்டும் முன் எல்லாவற்றையும் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய எண்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* எக்ஸ்எம்பி மாதிரி ஒரே பட்டனில் ராம் வேகத்தைக் கூட்டுவதும் ஓவர்க்ளாக்தான். "நான் எதுவும் மாத்தலையே" என்று நினைக்க வேண்டாம்.

* 32 ஜிபி வேண்டுமென்றால் நாலு எட்டைவிட இரண்டு பதினாறு நல்லது. ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். ஏற்கெனவே இருப்பதோடு வேறு கம்பெனி ராமைக் கலப்பது அதிர்ஷ்டத்தை நம்புவது.

* செருகிய அன்று இரவே மெம்டெஸ்ட்86. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி பாருங்கள்.

* டிடிஆர்5 கம்ப்யூட்டரில் புது ராம் போட்டதும் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது ராமோடு பழகிக்கொள்கிற நேரம். பதறி ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

* கேமரா கார்டை அழிக்கும் முன், காப்பி ஆன ஃபைலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும்.

ஒரு போன்

அரசினர் தோட்டம் மெட்ரோ வாசலில் தம்பி நின்றுவிட்டான். "ட்ரெயின் ஏறினா தைரியம் போயிடும்க்கா. இங்கேயே பேசிடறேன்" என்று பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டான். போர்வைக் குழந்தை என் கைக்கு வந்தது. கனமாகத்தான் இருந்தது.

சுற்றி வளைக்கவில்லை. "சார், தப்பு என்னோடது. நலங்கு வீடியோ போயிடுச்சு. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதுக்கான காசைக் கழிச்சிக்குங்க" என்றான். முகமே வெளுத்திருந்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவர் என்னவோ கேட்டார். "இருக்கு சார். முழுசா இருக்கு. ரெண்டாவது கேமரால இருக்கு" என்றான் தம்பி.

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"என்னடா சொன்னார்?"

"'தாலி கட்டினது இருக்குல்ல தம்பி? நலங்குல எங்கம்மா பாடினாங்க, அது செல்போன்ல யாராவது எடுத்திருப்பாங்க, கேட்டு அனுப்பறேன், சேர்த்துடு'ன்னார்க்கா."

சிபியுவை என்னிடமிருந்து வாங்கிப் போர்வையைச் சரிசெய்தான். எஸ்கலேட்டரில் மெதுவாக இறங்கிப் போனான்.